மூடிய குடங்களும் மூன்று மதிப்பீட்டாளர்களும்

கடலுக்கு அடியில் கைபேசி வேலை செய்யாததற்குக் காரணம் அங்கே கோபுரம் நடாததுதான் என்று நம் மக்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள், கோபுரம் நடுகிற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்களிலும் சிலர் நம்புகிறார்கள். இது தவறு. இந்தத் தவறால் இதுவரை யாருக்கும் எந்தச் சேதமும் நேர்ந்ததாகத் தெரியவில்லை என்றாலும், கதைக்குள் போகுமுன் அதைத் திருத்திவிடுவது கடமை. ரேடியோ அலை உப்புத் தண்ணீரில் இறங்கினால் சில முழத்துக்குள் மூச்சடங்கிப் போகும். கடலின் தரை முழுக்கக் கோபுரம் நட்டாலும் பக்கத்துக் கோபுரத்துக்குச் சேதி போய்ச் சேராது. தண்ணீருக்குள் தொலைதூரம் போவது சத்தம் ஒன்றுதான், அதுவும் காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாக. இது திமிங்கிலங்களுக்குத் தெரியும். பாசிமுனையில் எஸ்கலினுக்குத் தெரியும்.

எஸ்கலின் பாசிமுனை மீனவர் தெருவில் பிறந்து, பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த பொறியியல் கல்லூரியில் கடலடிக் கம்பியில்லாத் தகவல் தொடர்பு பற்றி ஆறு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தவள். பிரஷர் குக்கர் அளவில் மஞ்சள் நிறப் பெட்டிகள் இரண்டு அவளிடம் இருந்தன. ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கிச் சத்தம் எழுப்பச் செய்தால், தொலைவில் இறக்கிய இன்னொன்று அந்தச் சத்தத்தைப் பிடித்து எழுத்தாக மாற்றித் தரவேண்டும். பத்துச் சேதி அனுப்பினால் நாலு வந்தது. மீதி ஆறும் அலையிலும் இறால் கூட்டத்தின் பொரிசத்தத்திலும் தோணி இன்ஜினின் இரைச்சலிலும் கரைந்து போயின. அண்ணன் கஸ்பார்தான் தன் வள்ளத்தில் அவளைக் கூட்டிப்போய் அந்தப் பெட்டிகளை இறக்கி ஏற்றுவான். "இந்தப் பெட்டியை வலையில போட்டா ஒரு கணவாய் மீனாவது விழும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான், ஒவ்வொரு தடவையும் மறுநாள் விடிய வள்ளத்தோடு வந்து நிற்பான்.

அப்படி ஒரு நாள் பெட்டிகளை இறக்கி, வழக்கம்போல நாலு சேதி வந்து, வழக்கம்போல எஸ்கலின் உதட்டைக் கடித்துக்கொண்டு கரை திரும்பிய வாரத்தில்தான் பாசிமுனைத் தண்ணீர் பேச ஆரம்பித்தது.

முதலில் கேட்டவள் கஸ்பாரின் மனைவி விண்ணரசி. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, பாத்திரத்துத் தண்ணீருக்குள்ளிருந்து, கரையிலிருந்து வெகுதூரம் போயிருந்த புருஷனின் குரல், "விண்ணரசி, எஸ்கி சாப்பிட்டாளா?" என்று கேட்டது. வள்ளத்தின் ஓரத்தில் குனிந்து முகம் கழுவியவன் வாய்விட்டு நினைத்ததுதான் அப்படி வந்து சேர்ந்தது. "சாப்பிட்டா, சாப்பிட்டா, வடிச்சதும் நீரு வந்து எங்களுக்கு ஊட்டிவிடும்" என்று விண்ணரசி தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். புருஷன் கரைக்கு வந்தபிறகுதான், தண்ணீர் பேசியதை விட்டுவிட்டு, சமைக்கிற நேரத்தில் கூப்பிட்டதற்காக அவனை ஏசினாள்.

நாளடைவில் முறை தெளிவாகியது. தண்ணீரைப் பார்த்து ஒருவரை உறவு சொல்லியோ பேர் சொல்லியோ கூப்பிட்டுவிட்டுப் பேசினால், அந்த ஆளுக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அந்தத் தண்ணீரிலிருந்து பேச்சு வரும். குடமானாலும் வாளியானாலும் கிணறானாலும், மாட்டுத் தொட்டியானாலும் சரி; தொட்டியென்றால் மாட்டைத் தள்ளிவிட்டுக் கேட்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான். கூப்பிடப்பட்டவர் மூடாத தண்ணீருக்குக் கிட்டத்தில் இருந்தால், அவர் பக்கத்துச் சத்தமும் திரும்பி வரும். தண்ணீரில் சத்தம் எந்த வேகத்தில் போகுமோ அதே வேகத்தில்தான் இதுவும் போனது. அதிசயம் நடந்துவிட்டது என்பதற்காக இயற்பியல் தன் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்துத் தெருவுக்கு உடனே போனது. மீன்பிடிக்கிற இடத்துக்குப் போய்வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துபாய்க்குப் போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம் பிடித்தது. ஆகவே வளைகுடாவில் வேலை பார்க்கிற புருஷனோடு சண்டை பிடிக்கிற பெண் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் அழ முடிந்தது, அதற்குள் பாதிச் சண்டைகள் காரணம் மறந்து சமாதானமாகிப் போயின.

ஊர் இதைச் சோறு தின்பது மாதிரி எடுத்துக்கொண்டது. பாத்திரக் கடையில் மூடிகள் தீர்ந்துபோய், தட்டுகள் தீர்ந்துபோய், கடைசியில் சேலைத் துணியைக் கட்டிச் சிப்பியைக் கோத்துத் தொங்கவிட்டார்கள், ஏனென்றால் மூடி வைக்காத தண்ணீர் வீட்டுப் பேச்சை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. காலையில் குளிக்கிற நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது என்பது எழுதாத சட்டமானது. மாமியார்மார் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்கள், மருமகள்மார் சொம்பைக் கண்டாலே தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார்கள். பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், வீட்டுக் குடத்துக்குள் சொல்லுகிற பாவசங்கீர்த்தனம் செல்லாது, நேரில்தான் வரவேண்டும் என்று அறிவித்தார். மறுவாரம், தீர்த்தத் தொட்டியில் மீன் விலை கேட்பவர்கள் தயவுசெய்து பிரசங்க நேரத்தைத் தவிர்க்கவும் என்று சேர்த்துக்கொண்டார்.

ஆனால் புயல் எச்சரிக்கை வருகிற நாட்களில் யாரும் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் கரையில் கூடி நின்று, வெறும் தொடுவானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன பெண்கள் இப்போது அவரவர் அடுப்படியில் அவரவர் குடத்தின் முன்னால் உட்கார்ந்து, "எங்க நிக்கிய? மேகம் எந்தப் பக்கம்? திரும்பிட்டியளா?" என்று கேட்டார்கள், பதில் வந்தது. எல்லை தாண்டப் போன வள்ளங்களைப் பின்னால் வந்த வள்ளங்கள் கடலுக்குள் கத்தித் திருப்பின. அந்த வருடம் பாசிமுனைக் கல்லறைத் தோட்டத்தில் கடலில் போனவன் பேரில் ஒரு சிலுவையும் நடப்படவில்லை.

எஸ்கலின் மட்டும் ஆச்சரியப்பட்டாள், ஆச்சரியப்படுவது அவள் தொழில். நேரம் குறித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். நூறு சேதி அனுப்பினால் நூறும் வந்தது. அந்த வருடத்தோடு அவளுடைய ஆராய்ச்சிப் பதிவு முடிகிறது. இரண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. சர்வதேச மாநாடு ஒன்றில் ஒரு கட்டுரை ஏற்கப்பட்டால்தான் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கல்லூரி கையில் வாங்கும்; இல்லையென்றால் ஆறு வருடமும் பஸ் பிரயாணம் போனதாகத்தான் கணக்கு.

"மதினி, நம்ம தண்ணியைப் பத்தி எழுதி அனுப்பவா?" என்று விண்ணரசியிடம் கேட்டாள்.

"எழுதேன்ட்டி. ஊரறிஞ்ச விசயம்தானே. எழுதினா என்ன தருவாங்க?"

"ஒண்ணும் தரமாட்டாங்க. பேர் போடுவாங்க."

"பேருக்காட்டி இவ்வளவு பாடு?" விண்ணரசி அவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே சிரித்தாள். "போடு. நாங்க இருக்கோம்."

கஸ்பாரிடம் தண்ணீர் வழியாகவே கேட்டாள். நடுக்கடலிலிருந்து பதில் வந்தது: "யாராச்சும் நம்பலேன்னா என்னைக் கூப்பிடு எஸ்கி. எந்த ஆழத்துல நின்னாலும் பதில் சொல்லுதேன்."

அவள் எழுதினாள். தண்ணீர் பேசுகிறது என்று எழுதினால் முதல் வரியிலேயே தூக்கிப்போடுவார்கள் என்பதால், 'இடைக்கருவி தேவைப்படாத, இழப்பில்லாத கடலடித் தொடர்பு நெறிமுறை' என்று எழுதினாள். ஆறு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது மாநாட்டின் விதி. ஊரின் வாழ்க்கை முழுவதையும் ஆறு பக்கத்தில் அடக்குவதற்காக விண்ணரசியின் அரிசி களைதலை வெட்டினாள், துபாய்ச் சண்டைகளை ஒரு வரைபடமாக்கினாள். மாநாடுகளின் மரபுப்படி கடைசித் தேதி இரண்டு தடவை தள்ளிப்போடப்பட்டது, அதே மரபுப்படி கடைசி நாளில் இணையதளம் படுத்துக்கொண்டது, பிறகு எழுந்து கட்டுரையை விழுங்கி ஓர் எண்ணைத் துப்பியது.

இந்த மாதிரி மாநாடுகளில் கட்டுரையை மதிப்பிடுகிறவர்கள் யார் என்பது எழுதியவருக்குத் தெரியக் கூடாது. அவர்களுக்கு எண்தான் உண்டு. முதலாம் மதிப்பீட்டாளர், ஓரத்து இடைவெளி கால் அங்குலம் குறைகிறது, மற்றபடி நன்று என்று எழுதியிருந்தார். இரண்டாம் மதிப்பீட்டாளர், முக்கியமான ஐந்து கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படவில்லை என்று வருந்தியிருந்தார். ஐந்தையும் எழுதியவர் ஒருவரே. மூன்றாம் மதிப்பீட்டாளர் மட்டும் கட்டுரையைப் படித்திருந்தார். 'இது மிகப் பெரிய கண்டுபிடிப்பாக இருக்கவேண்டும், அல்லது மிகப் பெரிய பொய்யாக. நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. பொய் என்றால் கல்லூரிக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை.'

எஸ்கலின் அதை விண்ணரசிக்கு வாசித்துக் காட்டினாள். "பொய்னு ஆச்சுன்னா பட்டம் மட்டும் இல்ல மதினி, இனி எந்தக் காலேஜ் வாசலையும் மிதிக்க முடியாது."

"அது எப்படிப் பொய்யாவும்? தண்ணிக்கு என்ன, வாயா வலிக்கப் போவுது?" என்றாள் விண்ணரசி.

மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள் என்ற சேதி தொம்மையின் டீக்கடைக்குப் போனது. கீழத்தெரு முக்கில், எஸ்கலின் வீட்டுக்கு எதிரே இருந்தது அந்தக் கடை. தொம்மை அவளுக்கு மாமா முறை. ஊரில் எல்லோருக்கும் மாமா முறை. கெட்டிலை இறக்கி வைத்துவிட்டு அவர், சில வருடங்களுக்கு முன் கடல்புல் ஆராய ஊருக்கு வந்தவரை ஞாபகப்படுத்தினார்.

"எப்பேர்ப்பட்ட மனுசன்! நம்ம வீட்டுலதான் சாப்பிட்டாரு, நம்ம வள்ளத்துலதான் போனாரு. எதுத்தாப்ல கடல்ல உள்ள நம்ம தீவைச் சுத்தி வளருத புல்லு மாதிரி உலகத்துலயே இல்லேன்னு புகழ்ந்து கட்டுரை எழுதினாரு. அடுத்த வருசம் என்னாச்சு? தீவுப் பக்கம் வலை போடக் கூடாதுன்னு போர்டு வந்துச்சு. அவரு ஒரு குத்தமும் சொல்லல வே. புகழத்தான் செஞ்சாரு."

அதற்குப் பிறகு டீக்கடையில் கொஞ்ச நேரம் யாரும் டீ குடிக்கவில்லை. பேசுகிற கடலைக் கண்டால் எவன் சும்மா விடுவான், மிதவை போடுவான், வேலி போடுவான், ஆராய்ச்சி முடிகிறவரை யாரும் கடலில் இறங்கக் கூடாது என்பான், கடலில் இருக்கிறவனோடு பேச அனுமதி வாங்கச் சொல்வான் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சேர்க்கச் சேர்க்க, அந்தப் போர்டு வளர்ந்து வளர்ந்து வானத்தை மறைத்தது. அன்று சாயங்காலம் பாசிமுனையின் எல்லாக் குடங்களும் எல்லாக் குடங்களோடும் பேசின. கிணறுகள் பேசின, அண்டாக்கள் பேசின, தீர்த்தத் தொட்டி பேசியது, நடுக்கடலில் நின்ற வள்ளங்களின் அடியில் கடல் பேசியது. கூப்பிடப்பட்டவர்களுக்கு மட்டும்தான் கேட்கும் என்பதால், கூப்பிடப்படாத ஒரே ஆளான எஸ்கலினின் குடம் சும்மா இருந்தது. நாளைக்கு நான் பேசவேண்டும் என்பதால் ஊர் என்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்காக மனதுக்குள் நன்றியும் சொன்னாள்.

மறுநாள் மதிப்பீட்டாளர்கள் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். பெயர் சொல்லக் கூடாது என்ற விதியை இங்கேயும் விடவில்லை. "நான் இரண்டாம் மதிப்பீட்டாளர்" என்று ஒருவர் கைகூப்பினார். அதனால் ஊரும் அவர்களை ஒண்ணாவது சார், ரெண்டாவது சார், மூணாவது மேடம் என்றே கூப்பிட்டது. மூணாவது மேடத்துக்குத் தமிழ் வந்தது.

படகுத்துறையில் ஓர் எவர்சில்வர் அண்டாவில் கடல் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தாள் எஸ்கலின். ஊர் கூடி நின்றது. கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் தன் கடையில் நின்ற தொம்மையை முதலில் கூப்பிட்டாள்.

"தொம்மை மாமா, டீ இருக்கா?"

தொம்மை கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு, நீளமாக, கவனமாக. அண்டா பேசவில்லை.

"மாமா?"

ரெண்டாவது சார் கடிகாரத்தைப் பார்த்தார். எஸ்கலின் பங்குக் கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டாள், பாத்திரக் கடைக்காரரைக் கூப்பிட்டாள், தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவளைக் கூப்பிட்டாள். தண்ணீரில் மேகம் தெரிந்தது, அவள் முகம் தெரிந்தது, வேறொன்றுமில்லை. மூணாவது மேடம் விண்ணரசியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க வீட்டுத் தண்ணி பேசுமா?"

விண்ணரசி எஸ்கலினைப் பார்க்கவில்லை. "தண்ணி எங்கயாச்சும் பேசுமா மேடம்? வேவுத வெயில்ல வந்திருக்கிய, மோர் குடிக்கியளா?"

"இவங்க பேசும்னு எழுதியிருக்காங்களே."

"பிள்ள ரொம்பப் படிச்சிட்டா" என்றாள் விண்ணரசி. "தூக்கம் கிடையாது. தலைக்கு எண்ணெய் வைன்னு நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். எஸ்கலினுக்கு அப்போதுதான், நேற்றுச் சாயங்காலம் தன் குடம் சும்மா இருந்தது ஞாபகத்துக்கு வந்தது. இருந்தாலும் ஒருவன் மிச்சமிருந்தான். அவள் அண்டாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அண்ணே."

கஸ்பார் தொலைவில் நின்றான். சத்தம் போய்வர நேரம் ஆகும். அவள் காத்திருந்தாள். கூட்டமும் காத்திருந்தது. அந்த நேரம் கடந்தபோது அண்டாவுக்குள் வள்ளத்து இன்ஜின் அணைந்தது கேட்டது. பிறகு பலகையில் அலை மோதுவது கேட்டது. பிறகு, மிகக் கிட்டத்தில், முகத்தைத் தண்ணீருக்கு அருகே வைத்துக்கொண்டு ஒருவன் மூச்சை அடக்குவது கேட்டது. சிறு வயதில் கடலுக்குள் முங்கி யார் அதிக நேரம் இருப்பது என்று போட்டி போடும்போது அவன் மேலே வரும் முன் விடுகிற அதே மூச்சு, மூக்கு வழியாக, கொஞ்சம் கொஞ்சமாக. பேச்சு வரவில்லை.

மூணாவது மேடம் அண்டாவை நோக்கிக் குனிந்தார். "ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

அது என் அண்ணன், அவன் அங்கே இருக்கிறான், நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டது, கேட்டும் பேசாமல் இருக்கிறான் என்று எஸ்கலின் சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு நிமிடம் எல்லோரும் அந்த அண்டாவில் காதை வைத்திருந்தால் அவள் சொன்னது நிரூபணமாகியிருக்கும். ஆனால் அதை முன்பின் தெரியாத மூன்று பேரிடம், ஊர் முன்னால் சொல்வது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அலை மேடம்" என்றாள்.

கார் போனபிறகு கூட்டமும் போனது. விண்ணரசி அண்டாவைத் தூக்க ஒரு கை கொடுக்க வந்தாள். எஸ்கலின் தனியாகவே தூக்கிக் கடலில் கவிழ்த்தாள்.

கஸ்பார் கரைக்கு வந்ததும் வலையைக்கூட இறக்காமல் அவள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றான்.

"கேட்டுச்சா?" என்றாள் எஸ்கலின்.

"கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சு. உன் மூச்சு."

அவன் தலையைச் சொறிந்தான். "நாப்பது வள்ளம் கடல்ல நிக்கி எஸ்கி. உனக்குத் தெரியாததா? நாளைக்கு ஒரு காத்து அடிச்சா..."

"வேண்டாம்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? நான் கட்டுரையைத் திருப்பி வாங்கியிருப்பேன்."

"வாங்கமாட்டியோன்னு நினைச்சுட்டோம்."

"நீயுமா நினைச்ச?"

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் கழித்து அவன் எழுந்து போகிற சத்தம் கேட்டது.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. கட்டுரை ஏற்கப்படவில்லை. மூணாவது மேடம், ஆய்வாளருக்கு ஓய்வு தேவை என்று கல்லூரிக்குத் தனியாக எழுதியிருந்தார். அதில் கனிவு இருந்தது, கல்லூரி அந்தக் கனிவின்படியே அவள் பதிவை ரத்துசெய்து மஞ்சள் பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒண்ணாவது சார் தன் குறிப்பில், இந்த ஊரில் ஒரு குடம்கூட மூடாமல் இல்லை, இத்தனை சுகாதாரத்தை நான் எங்கும் கண்டதில்லை என்று வியந்திருந்தார். அது எப்படியோ யார் யார் கைக்கோ போய், கொசு ஒழிப்பில் முன்மாதிரி ஊர் என்று பாசிமுனைக்கு ஒரு கேடயம் வந்தது. கேடயம் வாங்கப் போனவர்களில் விண்ணரசியும் ஒருத்தி.

எஸ்கலின் வீட்டில் மாணவர்களுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். இயற்பியல் பாடம், ஒலி என்ற பகுதியை மட்டும் அவர்களையே வாசித்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். காலையில் குழாயடியில் பிடித்து வருகிற தண்ணீர் மத்தியானத்துக்குள் பேசத் தொடங்கிவிடும். "எஸ்கி, கோவமா?" என்று கஸ்பார் கடலிலிருந்து கேட்பான். "ஏட்டி, குழம்பு கொண்டாரவா?" என்று விண்ணரசி கேட்பாள். உபதேசியார் கேட்பார், பாத்திரக் கடைக்காரர் கேட்பார், பள்ளிக்கூடத்துத் தோழி அழுவாள், நாங்க வேற என்ன செய்ய முடியும் நீயே சொல்லு என்று பேர் தெரியாத குரல்களும் கேட்கும். தொம்மை மட்டும் அவள் பேரைக் கூப்பிட்டுவிட்டு, எதுவும் கேட்காமல், குவளையிலிருந்து குவளைக்கு டீ ஆற்றுகிற சத்தத்தை அனுப்புவார். எஸ்கலின் ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை. பேச்சு முடிகிறவரை பொறுத்திருந்து, குடத்தைத் தூக்கிப்போய், முன்வாசலில் நிற்கிற பப்பாளி மரத்தின் தூரில் சொட்டு மிச்சமில்லாமல் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் பிடிக்கப் போவாள்.

பப்பாளி தழைத்தது. மழைக்காலம் முடிகிற சமயத்தில், காற்று இல்லாத மத்தியானங்களில், அதன் இலைக்காம்புகளுக்குள்ளிருந்து பலர் ஒரே நேரத்தில் தாழ்ந்த குரலில் பேசுவது மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. உற்றுக் கேட்டவர்களுக்கு அவரவர் குரல் தனியாகக் கேட்டது. மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் கீழத்தெருவை விட்டுக் கோயிலைச் சுற்றிப் போனார்கள்.

தை பிறந்ததும் தொம்மை தன் டீக்கடையை வடக்குத் தெருவுக்கு மாற்றிக்கொண்டார்.